தொட்டிக் கறிவேப்பிலை கிளைக்காமல் ஒற்றைக் குச்சியாக நிற்கிறது

கேள்வி:
எங்கள் மொட்டைமாடியில் இரண்டு ஆண்டுகளாக வளரும் கறிவேப்பிலைச் செடி, மூன்றடி உயரத்திற்கு ஒற்றைக் குச்சியாக நிமிர்ந்து, உச்சியில் மட்டும் நான்கைந்து இணுக்குகளோடு நிற்கிறது. தாளிக்கும் நேரத்தில் மாமியாரும் நானும் வேண்டிய இலைகளை மட்டும் உருவிக்கொள்வோம். அன்றாடம் புளித்த மோர் ஊற்றியும் துளிர்க்கவில்லையே, ஏன்?

பதில் 1:
சகோதரி, இலையை மட்டும் உருவினால் மொட்டை ஈர்க்குதான் மிஞ்சும். நுனி வெட்டப்படாதவரை செடி மேல்நோக்கியே ஓடும். மாசி, பங்குனியில் தண்டை இரண்டடி உயரத்தில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே, கூரிய கத்தரியால் சாய்வாக வெட்டிவிடுங்கள். சில வாரங்களில் வெட்டுக்குக் கீழுள்ள கணுக்களில் பச்சைப் புள்ளிகளாகத் துளிர்கள் எழும்புவதைக் காணலாம். மார்கழிக் குளிரில் வெட்ட வேண்டாம், அப்போது வளர்ச்சி மந்தமாக இருக்கும். மோரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நீர் விளாவி ஊற்றினால் போதுமானது. நாள்தோறும் ஊற்றினால் மண் ஈரம் காயாமல் வேர் அழுகிவிடக்கூடும்.

பதில் 2:
துளிர் வந்ததும் இலைகளின் மேற்புறத்தைக் காலையில் பாருங்கள். பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கும். அது இளந்தளிரை விரைவில் தின்று தீர்த்துவிடும் என்பதால் கையால் எடுத்துவிடுவது நல்லது. சமையலுக்குப் பறிக்கும் செடியில் மருந்தடிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தொட்டியை விரலால் கிளறிப் பார்த்தபோது அடிமண் சேறாகவே இருந்தது. மோரை இன்றே நிறுத்திவிட்டேன்.