மழையில் ஓடையாகிவிடும் மலைப்பாதை: தண்ணீரை எப்படி வெளியேற்றுவது?

கீழ்மலை:
பழனி மலையின் கீழ்ச்சரிவில், வனத்துறை அனுமதியோடு ஒரு நடைபாதையைச் சீர்செய்யப் போகிறோம். அகலம் சுமார் ஒரு மீட்டர். நடுவில் முழங்கால் ஆழத்துக்கு அரித்துவிட்டது. நடப்பவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் பக்கத்தில் இன்னும் இரண்டு தடம் விழுந்திருக்கிறது. முன்பு குறுக்கே போட்ட கட்டைகள் எல்லாம் மண் மூடிக் கிடக்கின்றன. ஐப்பசி மழைக்குள் என்ன செய்யலாம்? சிமென்ட் போட அனுமதி இல்லை.

மம்பட்டி:
கட்டைகள் நேர் குறுக்காகக் கிடக்கின்றனவா? அப்படியென்றால் மூடத்தான் செய்யும். தண்ணீர் மோதி வேகம் குறைந்ததும் வண்டலை அங்கேயே இறக்கும், அடுத்த மழை கட்டைக்கு மேலேறி ஓடும். பள்ளத்துப் பக்க முனை கீழே இருக்கும்படி, பாதையின் திசைக்கு 45 டிகிரி கோணலாகப் போட்டால் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும், வண்டலும் கூடவே போகும். கட்டை 20 செ.மீ. கனமாவது இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள், மேட்டுப்பக்க முனை கரைக்குள் ஓரடி. வெளியேறும் வாயை மம்பட்டி அகலத்துக்கு வெட்டிச் சரிவு வரை கொண்டுபோங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஏற்றம் மிதமான இடங்களில் கட்டையே வேண்டாம் என்பேன். பாதையை மூன்று நான்கு மீட்டர் நீளத்துக்கு ஆழமில்லாமல் வழித்து, பள்ளத்துப் பக்கம் சாய்வு கொடுங்கள். வழித்த மண்ணை அதற்குக் கீழே நீண்ட மேடாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடியுங்கள். நடப்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மட்கிப்போக மரமும் இல்லை.

ரசமட்டம்:
அதற்கு முன் பாதையின் வெளியோரத்தைப் பாருங்கள். நடு மிதிபட்டு இறங்க, ஓரத்தில் ஒரு வரப்பு எழும்பியிருக்கும். தண்ணீரைப் பாதைக்குள்ளேயே பிடித்துவைப்பது அதுதான். கொத்தி எடுத்துவிட்டு, மீட்டருக்கு 5 செ.மீ. வெளிப்பக்கம் சாயும்படி சமன் செய்யுங்கள். ஒரு மீட்டர் பலகையின் வெளிமுனைக்கடியில் 5 செ.மீ. கல் வைத்து, மேலே ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும்.

கீழ்மலை:
நன்றி. முழங்கால் ஆழக் குழியை மண் போட்டு நிரப்பலாமா?

மம்பட்டி:
வெறும் மண் முதல் மழையோடு போய்விடும். முதலில் ஏற்றத்தை அளந்து பாருங்கள். பாதையின் ஏற்றம், மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. சரிவு 30 சதவீதம் என்றால் பாதை 15-க்குள். தாண்டினால் தண்ணீர் ஓரமாக இறங்காது, பாதையோடுதான் ஓடும். எத்தனை வடிகால் வெட்டினாலும் தோல்விதான். அந்தத் துண்டை மட்டும் சரிவின் குறுக்கே வளைத்து மாற்ற அனுமதி கேளுங்கள்.

மாற்ற முடியாவிட்டால் குழிக்குள் கல்தடுப்புகள் கட்டுங்கள். கீழ்த்தடுப்பின் உச்சி, மேல்தடுப்பின் அடிமட்டத்துக்கு வர வேண்டும். இடைவெளி கூடினால் மேல்கல்லின் அடி அரித்துக் கவிழும். உள்ளே முதலில் சல்லி, மேலே மண்.

ரசமட்டம்:
பக்கத் தடங்களை இரண்டு முனையிலும், கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை முள்ளும் காய்ந்த கிளையும் போட்டு மூடுங்கள், ஆனால் முதன்மைப் பாதை நடக்கத் தோதானபின்தான். அதற்கு முன் மூடினால் மூன்றாவது தடம் ஒன்று விழும். காய் பிடித்த உண்ணிச்செடியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், விதை அங்கேயே முளைக்கும். முதல் கனமழையின்போதே மம்பட்டியோடு ஒருவர் பாதையில் போகட்டும். எந்த வாய் அடைபடுகிறது என்பது வெயிலில் தெரியாது.