புதுப்பிப்பு: மழையில் செசரியா, கர்மேல், மெகிதோ

சபைக் குழுவோடு இஸ்ரேல் போகிறோம், ஜனவரியில் மழை பிடித்தால் அந்த நாள் வீண்தானா என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, போய் வந்தாயிற்று. ஒரு நாள் முழுக்க மழை.

குடை வேண்டாம், ரெயின்கோட் எடுங்கள் என்று சொன்னவருக்குக் கோடி நன்றி. கடலோரப் பழைய ரோம நகரமான செசரியாவில் அடித்த கடற்காற்றில் எங்கள் குழுவின் மூன்று குடைகள் கம்பி வெளியே வந்து செத்தன. அங்கே 1961-இல் கிடைத்த, இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லின் நகல்தான் நிற்கிறது (அசல் எருசலேமில், அருங்காட்சியகத்தில்), ஆனாலும் எழுத்துப் பள்ளங்களில் தண்ணீர் வழிய வழியப் பார்த்தது தனி அழகு.

கர்மேல் மலையில் ஒரே மூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பைபிளில் எலியா தீர்க்கதரிசி மழை மேகம் தெரிகிறதா என்று வேலைக்காரனை ஏழு தரம் அனுப்பிய மலை அல்லவா, "நமக்கு ஒரு தரமே தாராளம்" என்று பின்னால் ஒரு அத்தை முனக, பாஸ்டரே சிரித்துவிட்டார்.

பழைய மதில் நகரமான மெகிதோவில் நீர்ச்சுரங்கத்துக்கு இறங்கும் படி வழுக்கும், கம்பியைப் பிடித்தே இறங்குங்கள். மதிலுக்கு வெளியே இருந்த ஊற்றுக்குப் போகப் பாறையில் குடைந்த நீர்ச்சுரங்கம் அது. அன்றைக்கு நாங்கள் நனையாத ஒரே இடமும் அந்தத் தண்ணீர்ச் சுரங்கம்தான்!

அப்புறம், இன்னொரு ஜோடி ஷூ கட்டாயம். என்னுடையது இன்னும் காயவில்லை.