வீட்டிலிருந்து கணக்கு வேலை: சிஜிநாட்டைத் தாண்டி விபிஎன் போட்டவை ஆராவது இருக்கிறியளோ?

வணக்கம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்னக் கணக்காய்வு அலுவலகத்துக்காகக் கேட்கிறம். நாலு பேர் வீட்டிலிருந்து வேலை; விபிஎன் (இணையத்துக்குள்ளால போற பூட்டின தனிப் பாதை) வழியா அலுவலகத்துக்கு இணையவேணும். சம்பளப் பட்டியல், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அலுவலக சேர்வரில.

லப்டொப்புகள் விண்டோஸ் 11 ஹோம். டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டுற முழு பிட்லொக்கர் அதில இல்லை, அதின்ர எளிய வடிவமான டிவைஸ் என்கிரிப்ஷன் மட்டும்தான், அதைப் போட்டாச்சு. ஆனா 48 இலக்க மீட்புச் சாவி, உள்நுழைஞ்சவரின்ர மைக்ரோசொஃப்ட் கணக்கில போய் இருக்கும். ஆள் வேலையை விட்டா சாவியும் அவரோடதான். அதனால அச்சடிச்சு அலுமாரியில பூட்டி வைச்சிருக்கு.

சிக்கல் வயர்காட் எண்ட விபிஎன் மென்பொருளில. ரவுட்டரில அதுக்கான யூடிபி 51820 போர்ட்டைத் திறந்தும் வெளியிலிருந்து இணைப்பு வரேல்லை. ரவுட்டரின்ர வெளிப்பக்க (WAN) ஐபி முகவரி 100.64 எண்டு தொடங்குது, அதாவது சிஜிநாட்டுக்குள்ள (இணைய நிறுவனம் ஒரு பொது ஐபியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிடுற முறை) நிக்கிறம்; வாற பக்கெற் எங்கட ரவுட்டருக்கு வந்தே சேராது. (ரிமோட் டெஸ்க்டொப் 3389ஐத் திறவுங்கோ எண்டு தயவுசெய்து சொல்லாதேங்கோ. பாஸ்வேட் ஊகிக்கிற தானியங்கி நிரல்களுக்கு (bots) அது திறந்த படலை. சிஜிநாட்டுக்குள்ள அதுவும் வேலை செய்யாது.)

யாழ்ப்பாணத்தில நிலையான பொது ஐபி எடுத்தவை மாதம் எவ்வளவு கட்டுறியள்? இல்லாட்டி சிங்கப்பூரில சின்ன விபிஎஸ் (பொது ஐபி உள்ள வாடகைச் சேர்வர்) ஒண்டை நடுவில வைச்சவைக்கு, எக்ஸல் பைல் திறக்கிற வேகம் எப்பிடி? அலுவலகப் பக்கம் பெர்சிஸ்டன்ற் கீப்அலைவ் (இணைப்பு அறாமல் இருக்க இடைக்கிடை சின்னப் பக்கெற் அனுப்புறது) 25 செக்கன் போடுற யோசனை. கரண்ட் போய் வந்தா தானா இணையுதோ? டெயில்ஸ்கேல் (சிஜிநாட்டுக்குள்ளாலயும் இணைக்கிற ஆயத்த விபிஎன் சேவை) தெரியும். உள்நுழைவு இன்னொரு நிறுவனத்தின்ர கையில எண்டபடியா அது கடைசி வழி.