1:24 லாரிக்கு 44 மி.மீ. டயர்: வழி சொல்லுங்கள்

நாமக்கல்லில் பாடி கட்டிய பழைய லேலண்ட் லாரியை 1:24 அளவில் (அசலில் 24-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் தகட்டில் மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். கேபின் முடிந்தது, நெற்றிப் பலகையின் பூவேலையைக்கூடத் தூரிகையாலேயே வரைந்தாயிற்று. டயரில்தான் வேலை நிற்கிறது.

அசல் லாரியில் வரும் 10.00-20 அளவு டயரின் விட்டம் ஏறக்குறைய 1,050 மி.மீ.; மாடலில் 44 வரும். ஐரோப்பிய லாரி மாடல் கிட்டுகளின் டயர் உயரத்தில் பொருந்தினாலும் அகலம் அதிகம். அதை மாட்டினால் நம் ஊர் லாரியின் முகமே மாறிவிடுகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

நானே சிலிக்கோன் அச்செடுத்து ரெசின் (ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக் திரவம்) ஊற்றினால், டயர்ப் பட்டைகளின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழிகள் தங்கிவிடுகின்றன. காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்பு இல்லாமல் தவிர்க்க முடியுமா? ரப்பர்போல வளையும் கறுப்பு ரெசின் சென்னையில் எங்கே கிடைக்கும்? லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்துவைக்கும் வளையம்) தெரியும் 20 அங்குல ரிம்மை 3டி பிரிண்டில் செய்தவர்கள் தயவுசெய்து அளவுகளைத் தாருங்கள்.