எவல்யூஷன் 10 காரில் புதிய பியூயல் ரெயில்: ஓர் இன்ஜெக்டரில் கசிவு, ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் உள்ள என் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 10 காரில், 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 1000 சிசி பெட்ரோலை எஞ்சினுக்குள் பாய்ச்சும் இன்ஜெக்டர்களையும், அவற்றுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்து தரும் குழாயான, வெளிச்சந்தையில் வாங்கிய அலுமினிய பியூயல் ரெயிலையும் பொருத்தி வருகிறேன். ரெயில் போல்ட்டுகளை இறுக்கிய பிறகும் மூன்று இன்ஜெக்டர்கள் விரலால் திருப்பினால் சுழல்கின்றன; சரியாக உட்கார்ந்தால் அப்படித்தான் சுழல வேண்டும். கியர்பாக்ஸ் பக்கத்தில் இருப்பது மட்டும் அசையவே இல்லை. சாவியைத் திருப்பி பம்ப் அழுத்தம் ஏறியதும் அதன் மேல் ஓ ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) சுற்றி ஈரம் படர்வதால், எஞ்சினை இயக்காமல் பேட்டரி இணைப்பையும் கழற்றி வைத்திருக்கிறேன்.

ஓ ரிங் சரியான அளவுதான். எஞ்சின் ஆயில் தடவியே சொருகினேன், வெட்டுப்பட்ட அடையாளமும் இல்லை. ஆகவே அந்தப் பக்கத்து ஸ்பேசரின் (ரெயிலை எஞ்சினிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் துண்டு) உயரம் குறைந்து, இன்ஜெக்டர் நசுங்கி நிற்கிறது என்றே கருதுகிறேன். அங்கே உயரத்தைக் கூட்ட மெல்லிய ஷிம் (உலோகத் தகடு) வைத்தால் போதுமா, அல்லது ஸ்பேசர்களை மொத்தமாக லேத்தில் கடைந்து மாற்றுவதுதான் முறையா? கோட்டாறு, தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இத்தகைய நுணுக்கமான வேலையை நம்பிக் கொடுக்கக்கூடிய பட்டறை தெரிந்த அண்ணன்மார் தயவுசெய்து சொல்லுங்கள்.

பங்க்குகளில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே கிடைப்பதால், அதைத் தாங்கும் விட்டான் எனும் ரப்பர் வகை ஓ ரிங் இங்கே எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும், இன்ஜெக்டர் திறக்கும் தாமதத்தை ஈசியுவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சரியாகப் பதிந்து தரும் டியூனர் திருவனந்தபுரம் வரையிலாவது இருக்கிறாரா என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.