கண் தாவலை மூளை திருத்துவதை நேரில் பார்த்திருக்கிறீர்களா? – அனுபவப் பகிர்வு

கேரம்பிரியன்:

இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் கண் வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவித்தான் போகிறது, நொடிக்கு ஏறத்தாழ 3 தாவல். ஆய்வாளர்கள் சக்கேட் என்பார்கள். 10 பாகை தூரம் தாவ ஏறத்தாழ 50 மில்லிநொடிதான் ஆகும். கண்ணில் பட்டது மூளைக்குப் போய், அங்கிருந்து திருத்தம் தசைக்கு வருவதற்குள் தாவலே முடிந்துவிடும். கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரிதான், விரலை விட்டுக் கிளம்பியபிறகு ஒன்றும் செய்ய முடியாது. தப்பினால் அடுத்த அடியில்தான் சரிசெய்யலாம்.

அந்தச் சரிசெய்தல் என் கண்ணிலேயே நடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியில் முதுகலை படித்தபோது, பக்கத்துத் துறை ஆய்வகத்துக்குப் பரிசோதனைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். இருட்டறை, மோவாயைத் தாங்க ஒரு கிண்ணம், நெற்றிக்கு ஒரு பட்டை, எதிரே கண்ணைப் படமெடுக்கும் அகச்சிவப்புக் கேமரா. நடுவில் ஒரு புள்ளி தெரியும். அது மறைந்து வலப்பக்கம் 10 பாகையில் இன்னொன்று வரும். அங்கே பார்க்க வேண்டும், வேலை அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதையே செய்ததில் தூக்கம் வந்தது.

முடிந்ததும் அந்த ஆய்வு மாணவி திரையை என் பக்கம் திருப்பினாள். என் கண் கிளம்பிய கணத்திலெல்லாம் கணினி புள்ளியை 10 பாகையிலிருந்து 7க்கு இழுத்து வைத்திருக்கிறது! நான் ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை. தாவும் நேரத்தில் பார்வையை மூளை மட்டுப்படுத்திவிடுவதால் அந்த இடமாற்றம் தெரியாதாம். வரைபடத்தில் என் ஒவ்வொரு தாவலும் ஒரு புள்ளி. தொடக்கத்தில் எல்லாம் ஒன்பதரைப் பாகையை ஒட்டி இருந்தவை, போகப் போக இறங்கி 8க்குப் பக்கத்தில் வந்து நின்றன. யாரும் சொல்லாமல், எனக்கே தெரியாமல், என் தாவல் குறுகியிருந்தது. இடப்பக்கத் தாவல் மட்டும் பழையபடியே இருந்தது.

அதோடு விடவில்லை. தாவலுக்குச் சற்று முன் மின்னி மறைந்த புள்ளி எங்கே இருந்தது என்று மவுஸால் காட்டச் சொன்னார்கள். இருந்த இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளியே காட்டியிருக்கிறேன். கண் கற்றுக்கொண்டது, நான் பார்க்கும் இடத்தையும் சேர்த்து நகர்த்திவிட்டது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

தாவும்போதே புள்ளியை நகர்த்தும் இந்த முறையை 1967இல் மெக்லாக்லின் என்பவர் கொண்டுவந்தார். மனிதர்களுக்கு நூறு தாவலுக்குள்ளேயே மாற்றம் தெரியத் தொடங்கும். குரங்குகளுக்குப் பல நூறு, சில சமயம் ஆயிரத்துக்கு மேலும் வேண்டும். குறுக்கக் கற்பது சீக்கிரம், நீட்டக் கற்பது மெதுவாக.

ஆய்வகத்துக்கு வெளியே, கண் நோயிலோ கண்ணாடி மாற்றும்போதோ இதைப் பார்த்தவர்கள் எழுதுங்களேன்.

ராமநாதபுரம் மகள்:

தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சதும் அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சர்க்கரை. ஒருநாள் காலையில எழுந்து, டிவி ரெண்டா தெரியுதுன்னார். வலது கண் வெளிப்பக்கமா, அதாவது காதுப் பக்கமா, போகவே மாட்டேங்குது. ஸ்கேன் எடுத்தாங்க, மூளையில ஒண்ணும் இல்லை. கண்ணை வெளிப்பக்கம் திருப்புற ஆறாவது நரம்புக்கு ரத்தம் போற சின்னக் குழாய் அடைச்சிருக்கும், சர்க்கரைக்காரங்களுக்கு வர்றதுதான், பெரும்பாலும் சில மாசத்துல தானா சரியாகும்னு டாக்டர் சொன்னார். ரெட்டையா தெரியாம இருக்க ஒரு கண்ணை மூடச் சொன்னார். அப்பாவுக்கு இடது கண்ணுல புரை கொஞ்சம் இருந்ததால அதைத்தான் மூடினோம். தசை பலவீனமான வலது கண்ணை வச்சே பார்த்துக்கிட்டிருந்தார்.

டாக்டர் பண்ணின மாதிரியே நானும் எதிர்ல உக்காந்து, ரெண்டு கட்டைவிரலையும் ரெண்டு பக்கமா நீட்டி, இதைப் பாருங்க, அதைப் பாருங்கன்னு சொல்லுவேன். முதல்ல வலப்பக்க விரலுக்குக் கண் பாதியிலேயே நின்னுடும். அப்புறம் ஒரு குட்டி எட்டு, இன்னொரு குட்டி எட்டு, இழுத்துப் பறிச்சுத்தான் போய்ச் சேரும். கொஞ்ச நாள் போனதும் அந்தக் குட்டி எட்டெல்லாம் குறைஞ்சு, கிட்டத்தட்ட ஒரே தாவுல போக ஆரம்பிச்சுது. நரம்பு சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டோம்.

அப்பத்தான் ஒருநாள் பட்டையை மாத்தி வலது கண்ணை மூடிட்டு, இடது கண்ணால பார்க்கச் சொன்னேன். வலப்பக்கம் பார்க்கச் சொன்னா அந்தக் கண் என் விரலைத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வருது! இடப்பக்கம் நல்லாத்தான் தாவுது. தசை நல்லா இருந்த கண்ணுக்கும் ஏதோ ஆயிடுச்சுன்னு பதறி ஓடினோம். டாக்டர் நிதானமா விளக்கினார். மூளை ரெண்டு கண்ணுக்கும் ஒரே கட்டளையைத்தான் அனுப்புமாம். பலவீனமான கண்ணு போய்ச் சேரணும்னு கட்டளையைக் கூட்டியிருக்கு. அதே கட்டளை பலமான தசைக்கும் போறதால அது தாண்டிடுது. அப்போ நரம்பு ஆறலையான்னு கேட்டேன். நரம்பு இன்னும் முழுசா ஆறலைம்மா, அசைவைத் திருத்துற சிறுமூளை வேலை செய்யுதுன்னார்.

ஒரு சந்தேகம் தம்பி. அந்தக் குட்டி எட்டு எடுத்து வைக்கிறதாலதான் மூளை கத்துக்குதா?

கேரம்பிரியன்:

அக்கா, நீங்கள் கட்டைவிரல் வைத்துப் பார்த்ததை, ஃப்ரைபுர்க் நகரில் கொம்மெரெல் குழுவினர் 1976இல் ஆறாவது நரம்பு செயலிழந்தவர்களிடம் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். மூளையில் எங்கே என்பதைக் காட்டியது 1980இல் ஆப்டிகனும் ராபின்சனும் செய்த வேலை. குரங்குகளின் ஒரு கண்ணில் தசையை அறுவையால் பலவீனப்படுத்தினார்கள். குரங்குகள் தாவலைத் திருத்திக்கொண்டன. சிறுமூளையை நீக்கியபின் அந்தத் திருத்தும் திறனே இல்லாமல் போனது.

உங்கள் சந்தேகத்துக்கு: குட்டி எட்டு கட்டாயம் இல்லை. கண் போய் நின்றதும் பார்க்க வேண்டிய பொருள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் தள்ளித் தெரிகிறதே, அந்தப் பிழையே போதும். அது மூளைத்தண்டிலுள்ள ஆலிவ் பகுதி வழியாகச் சிறுமூளையின் நடுப்பகுதிக்கு, அங்குள்ள பர்கின்ஜி என்னும் நரம்புச் செல்களுக்குப் போகிறது. 2015இல் வந்த ஒரு குரங்கு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பர்கின்ஜி செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒரே திசைப் பிழைக்குப் பதில் தருகிற செல்களை ஒரு குழுவாகச் சேர்த்துப் பார்த்தபோது, கண்ணின் வேகமும் திசையும் அதில் தெளிவாகத் தெரிந்தன. பிழையை வைத்தே செல்களைக் குழு பிரித்தது அருமையான யோசனை.

லென்ஸ் கடை:

புதுக் கண்ணாடியிலும் இது உண்டு சார். மைனஸ் 4 போட்டால் பொருள் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் கண் திரும்ப வேண்டும். ஒரு கண்ணுக்கு மைனஸ் 1, இன்னொன்றுக்கு மைனஸ் 5 என்றால் இரண்டு கண்ணும் சமமில்லாத தூரம் தாவியாக வேண்டும். மூளை அதையும் கற்றுக்கொள்ளும் என்று ராட்டர்டாமில் கொல்லெவைன் குழுவினர் அளந்து காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் வாங்கிய அன்றே கழற்றி டப்பாவில் வைக்காதீர்கள், விடாமல் போடுங்கள் என்று எங்களிடம் வருகிறவர்களுக்குச் சொல்கிறோம். பவர் தப்பாக இருந்தால் அது வேறு விஷயம், உடனே வாருங்கள்.

இயன்முறை:

பரம்பரைச் சிறுமூளைத் தேய்வு உள்ள ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தேன். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னால் முதலில் தலையைத்தான் வெட்டித் திருப்புவார். தலையைப் பிடித்துக்கொண்டு பார்க்கச் சொன்னபோது கண் தாவவில்லை, ஊர்ந்து போனது. போகிற பாதையை நாம் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். பம்பாயில் நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா 1971இல் 9 குடும்பங்களில் விவரித்த நோய் இந்த வகைதான். இதில் மூளைத்தண்டில் தாவலைக் கிளப்பும் செல்களே கெட்டுவிடுகின்றன. இப்படி மெதுவாகத் தாவுகிறவர்களிடம் இலக்கை நடுவழியில் மாற்றினால், கண்ணும் நடுவழியிலேயே திரும்பும் என்று 1976இல் ஸீ, ஆப்டிகன், ராபின்சன் உள்ளிட்ட குழுவினர் காட்டினார்கள். தாவல் ஓடும்போதே மூளை உள்ளுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது வலுவான சான்றாக அமைந்தது. ஆகவே கேரம்பிரியன், ஸ்ட்ரைக்கர் உவமையில் இந்த ஒரு திருத்தம் வேண்டும்.

ராமநாதபுரம் மகள்:

அப்பாவுக்கு நரம்பு ஆறினப்புறம் இன்னொண்ணு நடந்துச்சு. இப்போ வலது கண்ணே விரலைத் தாண்ட ஆரம்பிச்சுது. கூட்டி வச்ச கட்டளையை இனி குறைக்கணுமேன்னு டாக்டர் சிரிச்சார். அது சீக்கிரமே சரியாயிடுச்சு, குறுக்கக் கத்துக்கிறது வேகம்னு தம்பி எழுதின மாதிரியே. இப்போ இடது கண் புரைக்கு ஆபரேஷனும் முடிஞ்சு, ரெண்டு கண்ணாலயும் பேப்பர் படிக்கிறார்.