கட்டிப் பரு: முதலில் லேசரா, மாத்திரையா?

அலைநீளம்
ஆழமாக, வலியோடு வரும் கட்டிப் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இல்லாமல் லேசரிலேயே தொடங்கலாமா என்பதுதான் கேள்வி. தொடங்கலாம் என்பது என் கட்சி. 1726 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீரைவிட எண்ணெய் அதிகம் உறிஞ்சும். அதனால் சூடு எண்ணெய்ச் சுரப்பியில் போய் இறங்கும், மேல்தோலைக் குளிர்ந்த முனை காக்கும். தோலின் நிறமியான மெலனின் இந்த ஒளியைப் பெரிதாகப் பிடிக்காததால் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் ஒத்துவரும். இந்த லேசர் அமெரிக்காவில் 2022இல் அனுமதி பெற்றது. சில வார இடைவெளியில் மூன்று அமர்வு, அவ்வளவுதான். உதடு வெடிப்பு இல்லை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை இல்லை.

ஊசிமுனை
சுரப்பி வரைக்கும் சரி சார். ஆனால் லேசரின் பலன் மாதக்கணக்கில் மெதுவாகத்தான் ஏறும். கட்டிப் பரு அதுவரை காத்திருக்காது, ஒவ்வொரு கட்டியும் ஒரு குழியை விட்டுவிட்டுப் போகும். மாத்திரை எண்ணெயைக் குறைப்பதோடு துளை அடைப்பு, கிருமி, அழற்சி மூன்றையும் சேர்த்தே அடக்குகிறது. மொத்த அளவு கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம். 60 கிலோ எடை என்றால் 7200–9000 மில்லிகிராம். தினம் 60 மில்லிகிராமில் 120–150 நாள். முதுகு, மார்புப் பருவுக்கும் அதே மாத்திரைதான். அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் 2024 வழிகாட்டுதலும் லேசர், ஒளி சிகிச்சைகளைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொல்கிறது.

அலைநீளம்
கருத்தரிக்கத் திட்டமிடுபவருக்கு என்ன சொல்வீர்கள்? அந்த மாத்திரை கருவைக் கடுமையாகச் சிதைக்கும்.

ஊசிமுனை
அவர்களுக்கு மாத்திரை கிடையாது, அங்கே உங்கள் லேசருக்கு இடம் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைக் காட்டி நீல ஒளியையும் விற்கிறார்களே, அதைத் தயவுசெய்து ஆதரிக்காதீர்கள். 415 நானோமீட்டர் ஒளி கட்டி இருக்கும் ஆழத்துக்கு இறங்குவதே இல்லை. மாநிறத் தோலில் அதே ஒளி கருமையை வேறு தூண்டும்.

மாலைவெயில்
பரு அடங்கிவிட்டது, குழிகள் மட்டும் மிச்சம். மாத்திரை நிறுத்தி 6 மாதம் கழித்துத்தான் லேசர் என்கிறார்களே, உண்மையா?

அலைநீளம்
அது பழைய விதிங்க. 2017இல் நிபுணர்கள் கூடி, தோலைப் புள்ளி புள்ளியாகத் தொடும் ஃபிராக்ஷனல் லேசருக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை என்றார்கள். முகம் முழுக்க மேல்தோலைச் சீவும் முறைக்கும் இயந்திர உராய்வுக்கும் மட்டும் தடை நீடிக்கிறது. கார்பன் டை ஆக்சைடு ஃபிராக்ஷனலில் தொடங்குங்கள்.

ஊசிமுனை
எந்தக் குழி என்று பார்க்காமலே லேசரா? பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, தோலை இரு விரலால் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இழுத்ததும் சமமாகிவிட்டால் அது அலைபோன்ற பள்ளம். அடியில் நார்கள் கட்டி இழுத்துப் பிடித்திருக்கும். மேலிருந்து சுட்டால் அந்த நார் அறுபடாது, சப்சிஷன் ஊசியை உள்ளே விட்டு அறுக்கணும். ஊசி குத்தினது போன்ற ஆழக் குழிக்கு அடர் டிசிஏ அமிலம்: பல்குத்தி நுனியில் துளி எடுத்து, குழியின் அடியில் மட்டும் அழுத்த வேண்டும், சில நொடியில் வெண்மை படரும். விளிம்பில் வழிந்தால் குழி அகலமாகிவிடும். அகலமான, செங்குத்து விளிம்புக் குழிக்குத்தான் உங்கள் லேசர்.

அலைநீளம்
வகை பிரிப்பதில் தகராறு இல்லை. ஆனால் லேசரால் கருமை தங்கும் என்று பலர் பயமுறுத்துவது நியாயமில்லை. கருமைக்கு முக்கியக் காரணம் ஆற்றலைவிட அடர்த்திதான். ஒரு சதுர சென்டிமீட்டரில் புள்ளிகளைக் குறைத்து, ஒரே இடத்தில் மறுபடி மறுபடி ஓட்டாமல் விட்டால் சூடு தேங்காது.

ஊசிமுனை
அதை ஒத்துக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. முதலில் காதோரம் சின்ன இடத்தில் சோதனைப் புள்ளி போட்டுச் சில வாரம் பார்க்கணும். முகத்தில் அக்கி (ஹெர்பிஸ்) வந்த வரலாறு இருந்தால் முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை. லேசருக்குப் பிறகு மணல் ஒட்டினது மாதிரி பொருக்கு வரும், பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே உதிரும். நகத்தால் கிள்ளினால் அந்த இடம் கருத்துவிடும். மாலைவெயில், புதுக் கட்டி ஒன்றாவது இன்னும் வந்துகொண்டிருந்தால் இதில் எதையும் தொடங்காதீர்கள்.